காசு மாறும், நாணயம் மாறலாமா?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...



நம் கோவைக்கு அருகே நொய்யல் கரையிலுள்ள வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக்காசுகள் புதையலாகக் கிடைத்தன. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் வணிகத்தில் வந்தவை. அன்று பொருள் வாங்கிய காசு, இன்று கடைவீதியில் செல்லாது.

குகைவாசிகள் விழித்ததும் ஒருவரிடம் வெள்ளிக்காசைக் கொடுத்து உணவு வாங்கிவர அனுப்பினார்கள் (அல்குர்ஆன் 18:19). அவர்கள் தங்கியிருந்தது 309 ஆண்டுகள் (18:25). அந்தப் பழங்காசைக் கண்டுதான் ஊரார் வியந்தார்கள் என விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர்.

நாமும் பார்த்தோமே! 2016 நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். இன்று பணம் செல்போனில் ஓடுகிறது. 2022 டிசம்பரில் டிஜிட்டல் ரூபாயும் சோதனைக்கு வந்தது.

இப்போது ஒரு கேள்வி. 2005-ல் ஒருவர் உங்களுக்கு 50,000 ரூபாய் கைமாற்றாகத் தந்தார். அன்று அதில் பல பவுன் வாங்கலாம். இன்று ஒரு பவுன் கூட வராது. எவ்வளவு திருப்பித் தருவீர்கள்?

காசின் மதிப்பு மாறினால் கடன் வாங்கிய நாளின் மதிப்பையே தர வேண்டும் என்பது இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் கருத்து. ஆயினும் 1988-ல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வாங்கிய அதே தொகையைத்தான் தர வேண்டும், விலைவாசியோடு கடனை இணைக்கக் கூடாது என முடிவு செய்தது. கூடுதல் தர வேண்டுமென நிபந்தனை போட்டால் வட்டியின் கதவு திறந்துவிடும்.

"அப்படியானால் தாமதித்தால் நமக்கு லாபம்தானே" என்று எண்ணுகிறீர்களா? வசதியுள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநீதி என்றார்கள் நபி (ஸல்) அவர்கள் (புகாரி, முஸ்லிம்). தாம் வாங்கிய ஒட்டகத்திற்குப் பதிலாக அதைவிடச் சிறந்த ஒட்டகத்தைக் கொடுக்கச் சொல்லி, கடனை அழகாகத் தீர்ப்பவரே உங்களில் சிறந்தவர் என்றும் சொன்னார்கள் (புகாரி). பேசிவைக்காமல் மனமுவந்து கூடுதலாகத் தருவது வட்டியல்ல, அது நன்றி.

கடனை எழுதிவைக்கச் சொல்கிறது குர்ஆன் (2:282). ஜிபே-யில் அனுப்பிய பதிவு மட்டும் போதாது. அது கடனா அன்பளிப்பா என்று அது சொல்லாது. தொகை, தவணை, சாட்சி மூன்றையும் எழுதுங்கள்.

இன்று அஸருக்கு முன், நீங்கள் தர வேண்டிய ஒருவருக்குப் போன் செய்யுங்கள். முழுத்தொகை இல்லையென்றால் நாள் சொல்லுங்கள்.

பிறர் கடனைச் சுமந்தவர்களாக அல்லாஹ் நம்மை மரணிக்கச் செய்யாதிருப்பானாக! ஆமீன்.