ஆச்சியின் நோட்டில் எதை வைப்பது, எதை விடுவது?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. ரத்தசோகை, அடிக்கடி வயிற்றுப்போக்கு, வயதுக்கேற்ற உயரம் இல்லை என்று அலைந்து, கடைசியில் எண்டோஸ்கோபி செய்து சீலியாக் நோய் என்று உறுதி செய்துவிட்டார்கள். இனி ஆயுளுக்கும் கோதுமை கூடாதாம். எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். என் அம்மா, அதாவது பிள்ளைகளின் ஆச்சி, எழுதி வைத்த சமையல் நோட்டைப் பார்த்துத்தான் தீபாவளிப் பலகாரம் செய்வோம். அல்வா, சோமாஸ், சுசியம், ரவா லட்டு என்று எதை எடுத்தாலும் இடிக்கிறது. பள்ளிக்குச் சப்பாத்தி வேண்டும் என்று அவளும் அடம்பிடிக்கிறாள். "ஒரு வாய் தின்னா என்ன ஆயிரப் போவுது?" என்கிறார் அம்மா. நோட்டைப் பரணில் போட்டுவிட வேண்டியதுதானா? அவள் தம்பிக்கும் சேர்த்தே கோதுமையை நிறுத்திவிடலாமா?

வாசகி, தூத்துக்குடி

பதில்: நோட்டைப் பரணில் போடாதீர்கள் சகோதரி. பென்சிலை எடுத்துக்கொண்டு ஆச்சியோடு உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். இட்லி, தோசை, ஆப்பம், இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை, சொதி, அதிரசம், தேன்குழல், பச்சரிசி மாவில் முக்கிப் பொரிக்கும் முந்திரிக்கொத்து என்று பாதி நோட்டுக்கு மேல் அப்படியே தேறிவிடும். உளுந்தங்களியை மறந்துவிடாதீர்கள். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு, இந்த வயதுப் பெண்பிள்ளைக்குக் கிண்டிக் கொடுக்க ஆச்சியே காத்துக்கொண்டிருப்பார். குளூட்டன் என்ற புரதம் கோதுமை, பார்லி, ரை மூன்றில்தான் தொல்லை. அரிசி, பருப்பு, கம்பு, சோளம், கேழ்வரகு, தினை, சாமை, வரகு, குதிரைவாலி எதிலும் அது கிடையாது. சம்பா கோதுமை பழைய ரகமாயிற்றே என்று யாராவது பரிந்து பேசினால் கேட்காதீர்கள். ரவை, சேமியா, மைதா, சம்பா ரவை எல்லாம் கோதுமைதான்.

பலகாரத்தைவிட எனக்குப் பயம் பெருங்காயத்தில். கடையில் விற்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். வெறும் பெருங்காயத்தின் காரம் தாங்காது என்பதால் கோந்தும் மாவும் சேர்க்கிறார்கள். அந்த மாவு பல தயாரிப்புகளில் கோதுமை அல்லது மைதா. சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், முறுக்கு என்று நம் அடுப்படியில் பெருங்காயம் விழாத பாத்திரம் ஏது? கோதுமையை நிறுத்தியும் வயிறு அடங்கவில்லை என்று வருகிறவர்களிடம் முதலில் அஞ்சறைப் பெட்டியைத்தான் கேட்பேன். டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். அரிசி மாவு சேர்த்தது கிடைக்கும். சந்தேகமாக இருந்தால் பெருங்காயத்தையே விட்டுவிட்டு, ரசத்தில் இரண்டு பல் பூண்டைத் தட்டிப் போடுங்கள். சத்து மாவு, மால்ட் பானங்கள், சோயா சாஸ், கடை ராகி சேமியா ஆகியவற்றையும் படித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். நம் உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாத பொருளில்தான் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போடலாம்.

அடுத்தது மாவு மில். உங்களுக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருந்தால், உங்கள் பச்சரிசி மாவில் முதலில் விழுவது அவருடைய மாவு. அந்த மெஷினில் கோதுமையே அரைப்பதில்லை என்றால் மட்டும் கொடுங்கள். இல்லாவிட்டால் அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் அரைத்துச் சலிப்பதே நிம்மதி. சல்லடை, சப்பாத்திக் கட்டை, தோசைக்கல் மூன்றும் அவளுக்கென்று தனியாக இருக்கட்டும். பூரி பொரித்த எண்ணெயில் அவளுக்கு வடை போடக்கூடாது.

இனி சமையலுக்கு வருவோம். கோதுமை மாவு இழுத்தால் நீளுவதும் பிய்யாமல் சுருள்வதும் குளூட்டனால். அரிசி மாவில் பச்சைத் தண்ணீர் விட்டு எவ்வளவு பிசைந்தாலும் அந்தப் பிடிப்பு வராது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் விட்டுக் கிளறினால் மாவுச்சத்து வெந்து பசையாகிப் பிடித்துக்கொள்ளும். கொழுக்கட்டைக்கும் இடியாப்பத்துக்கும் ஆச்சி காலங்காலமாகச் செய்வது இதைத்தானே! இந்த ஒன்று கைவந்துவிட்டால் கடையில் பொடி எதுவும் தேடிப் போக வேண்டியதில்லை. சப்பாத்தி ஆசைக்கு மலபார்ப் பத்திரியைச் செய்து பாருங்கள். வறுத்த அரிசி மாவு ஒரு கப், உப்பும் ஒரு ஸ்பூன் தேங்காயெண்ணெயும் சேர்த்த கொதிநீர் ஏறக்குறைய ஒன்றேகால் கப். கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே பிசைந்து, மெல்லியதாகத் தேய்த்து, எண்ணெய் இல்லாமல் சுட்டெடுங்கள். சுட்ட சூட்டில் துணியில் சுற்றிவைத்தால் மெதுவாக இருக்கும். ஆனால் மதியத்துக்குள் விறைத்துவிடக்கூடிய பண்டம் இது. பள்ளிக்கு எலுமிச்சைச் சேவை கொடுத்துவிட்டு, பத்திரியை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சோமாஸைக் கைவிடுங்கள் என்பதே என் தீர்ப்பு. அரிசி மாவில் ஓடு செய்தால் எண்ணெயில் விரிசல்விட்டுப் பூரணம் கொட்டும். சட்டியும் பாழ், மனசும் பாழ். அதே பூரணத்தைக் கொழுக்கட்டைக்குள் வைத்து அவித்துவிடுங்கள். ரவா லட்டுக்குப் பதில் பொட்டுக்கடலை மாவில் நெய்யும் ஏலமும் போட்ட மாலாடு. சுசியத்துக்கு மைதாக் கரைசல் எதற்கு? அரிசியும் உளுந்தும் அரைத்த மாவில் முக்குவதும் பழைய வழக்கம்தான், ஆச்சியைக் கேட்டுப் பாருங்கள்.

அல்வாதான் சங்கடம். கோதுமையை அரைத்துப் பாலை மட்டும்தானே எடுக்கிறோம், சக்கையோடு குளூட்டன் போய்விடாதா என்று விவரம் தெரிந்தவர்களே கேட்கிறார்கள். கொஞ்சம் போகும். மீதியாகப் பாலில் நிற்பதே இவளுக்கு அதிகம். அதே பக்குவத்தைக் கேழ்வரகில் செய்யலாம். ஒரு ஆழாக்குக் கேழ்வரகை இரவு முழுக்க ஊறவைத்து அரைத்து, மெல்லிய துணியில் இரண்டு முறை பால் பிழியுங்கள். இரண்டு மணி நேரம் தெளியவிட்டால் பழுப்பாக ஒரு தண்ணீர் மேலே நிற்கும், அதை இறுத்துவிடுங்கள். அடியில் தங்கிய கெட்டிப் பாலில் வடிகட்டிய கருப்பட்டிப் பாகை ஊற்றி, அடிகனமான உருளியில் சிறு தீயில் கிண்டுங்கள். முதலில் களிமாதிரி கட்டியாகும். பயப்படாமல் நெய்யை ஸ்பூன் ஸ்பூனாக விட்டுக்கொண்டே போனால், நிறம் கறுத்து, ஓரம் விட்டுச் சுருண்டு, குடித்த நெய்யைக் கக்கத் தொடங்கும். அப்போது இறக்குங்கள். இருட்டுக்கடை வாசலில் வரிசையில் நின்று வாங்கிய சுவை இதில் வராது. வாயில் வழுக்கிக்கொண்டு போகும் பதம் வரும். இன்னும் இழுவை வேண்டுமென்றால் கீழக்கரைத் தொதல் இருக்கிறது. அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும்தான். கிண்டக் கை வலுவுள்ள ஆள் வேண்டும்.

அம்மாவின் "ஒரு வாய்" பற்றி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். 2016இல் வெளியான ஆய்வின்படி இந்த நோய் வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல். தென்னிந்தியாவிலோ ஆயிரத்துக்கு ஒருவர்தான். நம் பெரியவர்கள் கேள்விப்படாததில் வியப்பில்லை. ஆனால் கணக்கைச் சொல்லுங்கள். தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் உள்ளே போனாலே குடல் சேதப்படும். ஒரு கிராம் மைதாவிலேயே ஏறக்குறைய 80 மில்லிகிராம் உண்டு. வயிறு வலிக்காத நாளிலும் உள்ளே புண் ஆகிக்கொண்டிருக்கும். கேழ்வரகு அல்வாவின் பதம் பார்க்கும் பொறுப்பை அம்மாவிடமே கொடுங்கள், பேச்சு குறையும்.

மகளுக்கு இரும்புச்சத்து, ஃபோலேட், பி12, வைட்டமின் டி அளவுகளை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பார்த்துக்கொள்ளுங்கள். தம்பி விஷயத்தில் அவசரப்படாதீர்கள். உடன்பிறந்தவர்களுக்கும் இந்த நோய் வர வாய்ப்புண்டு என்பதால் அவனுக்கு டி.டி.ஜி. ரத்தப் பரிசோதனை அவசியம். அது முடியும்வரை அவன் வழக்கம்போல் கோதுமை சாப்பிடட்டும். முன்கூட்டியே நிறுத்திவிட்டால், நோய் இருந்தாலும் பரிசோதனையில் இல்லை என்று வந்துவிடக்கூடும்.