மஞ்சள் போனால் காமாலை போச்சா?

"சார், ஏழு நாள் கீழாநெல்லி அரைச்சு மோர்ல கலந்து குடுத்தேன். கண்ணுல இருந்த மஞ்சள் சுத்தமாப் போயிடுச்சு. இனிமே உப்பு சேர்த்துக்கலாமா?"

நான் வைத்தியம் பார்க்கத் தொடங்கிய புதிதில், ஒரு பெண்மணி தன் கணவரை அழைத்து வந்து இப்படிக் கேட்டார். கண்ணைப் பார்த்தேன், வெள்ளையாக இருந்தது. நாடியிலும் குறை தெரியவில்லை. "சேர்த்துக்கலாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பத்து வருஷம் கழித்து அதே மனிதர் வயிறும் காலும் வீங்கி வந்தார். ரத்தத்தில் 'ஹெபடைடிஸ் பி' வைரஸ் இருந்தது. கல்லீரல் சுருங்கிப் போயிருந்தது. அன்றைக்கே ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. உங்கள் வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

காமாலை ஓர் அறிகுறி

பழைய ரத்த அணுக்கள் சிதையும்போது 'பிலிருபின்' என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதைப் பித்தநீரோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்பும். இந்த வேலை எங்கே தடைப்பட்டாலும் மஞ்சள் ரத்தத்தில் தேங்கிக் கண்ணில் தெரியும். காரணம் வைரஸாக இருக்கலாம்; மது, சில மாத்திரைகள், பித்தக்குழாயை அடைக்கும் கல், கட்டி எதுவாகவும் இருக்கலாம்.

வைரஸிலும் வகை உண்டு. ஏ, இ இரண்டும் அசுத்தமான தண்ணீர், உணவு மூலம் வருபவை. பெரும்பாலோருக்கு ஓய்வெடுத்தாலே சில வாரங்களில் சரியாகிவிடும். அந்த நேரத்தில் எந்தப் பச்சிலையைக் குடித்திருந்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்! பி, சி இரண்டும் ரத்தம் வழியாகப் பரவுபவை. பி வைரஸ் தாயிடமிருந்து குழந்தைக்கும், உடலுறவு மூலமும் தொற்றும். இவை மஞ்சள் மறைந்த பிறகும், சில சமயம் மஞ்சளே தெரியாமலும், வருஷக்கணக்கில் உள்ளே இருந்து கல்லீரலை அரிக்கும்.

சென்னையில் நடந்த ஆய்வு

அப்படியானால் கீழாநெல்லிக்கு உண்மையிலேயே சக்தி உண்டா? இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் குழுவினரும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி பரூக் பிளம்பர்க்கும் சேர்ந்து நடத்திய ஆய்வு 1988-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. பி வைரஸை உடலில் சுமந்தவர்களில் 37 பேருக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்தார்கள். 23 பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மருந்து. முடிவில் கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்தில் இல்லை. மற்றவர்களில் ஒருவருக்கு மட்டுமே மறைந்திருந்தது. அப்போது நான் சித்த மருத்துவக் கல்லூரி மாணவன். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை!

வெற்று மருந்து எதற்கு என்று கேட்பீர்கள். தானாகக் குணமாகிறவர் எத்தனை பேர், மருந்தால் குணமானவர் எத்தனை பேர் என்று பிரித்தறிய வேறு வழியில்லை.

ஆனால் ஓர் ஆய்வோடு விஷயம் முடிவதில்லை. தாய்லாந்தில் செய்து 1990-இல் வெளியிட்டார்கள். நியூசிலாந்தில் செய்து 1994-இல் வெளியிட்டார்கள். இரண்டு இடத்திலும் அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011-இல் 'காக்ரேன்' ஆய்வுக் குழு 16 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. பி வைரஸுக்குக் கீழாநெல்லி இனம் பலன் தருகிறது என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது என்றது. சித்த வைத்தியனான எனக்கு இதைச் சொல்லக் கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கசப்பு மருந்தை ஊருக்கெல்லாம் கொடுக்கிற நாம், நமக்கு வரும்போது முகம் சுளிக்கலாமா?

மூலிகையைக் கைவிடச் சொல்லவில்லை. தகுதி பெற்ற சித்த மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிடுங்கள். ஆனால் என்ன காமாலை என்று தெரிந்துகொள்ளாமல் அதையே நம்பிக் காத்திருக்காதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• கண் மஞ்சளித்தால் முதலில் பிலிருபின், கல்லீரல் நொதிகள், பி, சி வைரஸ் சோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். பி இருந்தால், ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் இருந்தால் தொடர்ந்து கண்காணிப்பு தேவை.

• மலம் சுண்ணாம்பு போல வெளுத்து, உடம்பு அரித்தால் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். ஸ்கேன் அவசியம்.

• கர்ப்பிணிக்குக் காமாலை வந்தால் வீட்டு வைத்தியமே கூடாது. இ வகை அவர்களுக்கு உயிராபத்தானது. குழப்பமான பேச்சு, ஓயாத தூக்கம், ரத்தக்கசிவு, நிற்காத வாந்தி யாருக்கு இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

• கையில் சூடு போடுவது, கண்ணில் சாறு பிழிவது வேண்டவே வேண்டாம்.

• பத்தியம் என்று பட்டினி போடாதீர்கள். கஞ்சி, இட்லி, பழம் கொடுங்கள். வயிற்றில் நீர் கோத்தவர்கள்தான் உப்பைக் குறைக்க வேண்டும். மதுவை அறவே விடுங்கள்.

• வீட்டில் ஒருவருக்கு பி இருந்தால் மற்றவர்களும் சோதித்துக்கொண்டு, தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் பி, சி சோதனையும் சிகிச்சையும் அரசு மையங்களில் இலவசம். சி வகையைப் பெரும்பாலானவர்களுக்கு மூன்று மாத மாத்திரையிலேயே குணப்படுத்த முடிகிறது.

சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று ஒன்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எட்டையும் பார்க்கச் சொன்னார்கள் முன்னோர். விழியை மட்டும் பார்த்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லவில்லை. இன்று ரத்தத்தை ஒன்பதாவதாகச் சேர்த்துக்கொள்வோம்.