எடை அட்டை

அங்கன்வாடியில் குழந்தைகளுக்கு எடை போடும் நாள். பாட்டிக்குக் கோபம்.

"எடை போட்டால் கண் படும். எங்கள் வீட்டுப் பிள்ளை எத்தனை கிலோ என்று அரசாங்கத்துக்கு எதற்கு, டீச்சர்?"

நல்ல கேள்விதான். டீச்சர் எடை அட்டையை விரித்துக் காட்டினார்.

பிறக்கும்போது 3 கிலோ இருந்த குழந்தை, 5 மாதத்தில் ஏறக்குறைய 6 கிலோ இருக்கும். ஒரு வயதில் 9 கிலோ இருக்கும். மாதந்தோறும் எடையை அட்டையில் புள்ளியாக வைத்துக் கோடு போடுவார்கள். பச்சை என்றால் சரியான எடை. மஞ்சள் என்றால் குறைவு. ஆரஞ்சு என்றால் மிகவும் குறைவு. பச்சையில் இருந்தாலும் கோடு மேலே ஏற வேண்டும். ஏறாமல் நின்றால் கவனிக்க வேண்டும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்தால் அப்படி நிற்கும்.

இந்தக் குழந்தையின் புள்ளி ஆரஞ்சில் விழுந்தது. உடம்பு மிகவும் மெலிந்திருந்தது. பசியும் இல்லை. ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்தில் சேர்க்க வேண்டும். தாயும் ஏறக்குறைய இரண்டு வாரம் அங்கே தங்க வேண்டும்.

"கூலி போகுமே டீச்சர்! மூத்தவளுக்கு யார் சோறு போடுவார்கள்?" என்று தாய் அழுதாள்.

கூலிக்கு ஈடாக அங்கே ஒரு தொகை தருவார்கள். மூத்தவளுக்கு என்ன வழி? அது அட்டையில் இல்லை. "நீ சரியாக வளர்க்கவில்லை" என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தத் தாய் மறுபடி வரமாட்டாள். டீச்சர் அப்படிச் சொல்லவில்லை. மாலையில் வீட்டுக்குப் போனார். திண்ணையில் உட்கார்ந்து பேசினார்.

"மூத்தவளை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள் பாட்டி.

அடுத்த மாதம் பாட்டியே குழந்தையைத் தூக்கி வந்தாள். "முதலில் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா, பாருங்கள்" என்றாள்.