மந்தைக்கு ஏற்ற கிடா

தாம்பரத்திற்கும் செங்கற்பட்டிற்கும் இடையில், ஏரிக்கரைகளிலும் அறுவடை முடிந்த வயல்களிலும் செந்நிறச் செம்மறிகள் மேய்வதைப் பலர் கண்டிருப்பர். குறுமயிரும் தொங்கும் காதும் குட்டை வாலும் உடைய இவ்வாடுகள் சென்னைச் சிவப்பு என்னும் இனத்தைச் சேர்ந்தவை. கிடாக்களுக்கு முறுக்கிய கொம்புகள் உண்டு, பெட்டைகளுக்கு இல்லை. இவ்வினம் இறைச்சிக்காகவே வளர்க்கப்பெறுகிறது.

ஒரு பெட்டை பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டியே ஈனும். ஒரு கிடாவோ 25 முதல் 30 பெட்டைகளுக்குப் போதுமானது. எனவே கிடாவின் குறை மந்தை முழுவதும் பரவும். ஆயினும் சிறு மந்தைகளில் நிகழ்வது யாது? விரைந்து வளர்ந்த ஆண் குட்டி நல்ல விலை பெறுமாதலால், அதுவே முதலில் சந்தைக்குச் செல்கிறது. விலை போகாத மெலிந்த குட்டி பட்டியில் தங்கி, நாளடைவில் பொலி கிடாவாகி விடுகிறது. பணமுடையால் விற்பவரைக் குறை கூறுவதற்கில்லை. எனினும் இவ்வழக்கம் நீடித்தால் மந்தை தலைமுறைதோறும் உருவிற் சிறுத்து வரும்.

ஆதலின் பொலி கிடாவைக் குட்டிப் பருவத்திலேயே குறித்து வைத்தல் வேண்டும். பால்வளம் மிக்க தாய்க்குப் பிறந்து, மூன்றாம் மாதத்தில் எடையில் முந்தி நிற்கும் குட்டியே தக்கது. எஞ்சிய ஆண் குட்டிகளை நான்காம் மாதத்திற்குள் பிரித்துவிடுவர். வளர்ந்த கிடாவை வாங்குவோர் முதலில் பல்லைப் பார்ப்பர். முன்பற்களில் இரண்டு விழுந்து புதிதாக முளைத்திருப்பின், வயது ஏறக்குறைய ஒன்றரை எனக் கொள்ளலாம். கீழிமையின் உட்புறம் வெளுத்திருப்பின், குடற்புழுக்கள் குருதியை உறிஞ்சுகின்றனவோ என ஐயுற வேண்டும். கால்கள் உறுதியாகவும், விதைகள் இரண்டும் பருத்து ஒத்த அளவினவாகவும் இருத்தல் இன்றியமையாதது. ஒரு விதை மட்டும் இறங்கிய கிடா எத்துணை அழகியதாயினும் பொலிக்கு ஆகாது.

ஆவணியில் கிடாவைச் சேர்த்தால், ஐந்து மாதம் கழித்து, மழை ஓய்ந்து புல் மிகுந்த தைத் திங்களில் குட்டிகள் பிறக்கும். கிடாவின் உடலில் விந்து உருவாகி முதிர ஏழு வாரங்கள் செல்லும். எனவே ஆனி மாதத்திலேயே அதற்குப் புண்ணாக்கும் தானியமும் கலந்த தீனி அளிக்கத் தொடங்குதல் நன்று. கடும் வெயிலிலோ காய்ச்சலிலோ வாடிய கிடாவின் ஆற்றல் பல வாரங்கள் குன்றியிருக்கும். அதனால் அதற்கு நிழலும் தண்ணீரும் தீனியினும் முதன்மையானவை.

கிடாவின் மார்பில் காவி பூசிவிடும் முறையும் ஒன்று உண்டு. சேர்ந்த பெட்டையின் முதுகில் காவி படியும். பெட்டைக்குப் பருவம் 17 நாளுக்கு ஒருமுறை வருமாதலால், அந்நாள் கழிந்ததும் வேறு நிறம் பூசுவர். முன்பே காவி பட்ட பெட்டைகள் பலவற்றின் மீது புது நிறமும் படிந்தால், குறை கிடாவினிடம் இருத்தல் கூடும். இதனை அறியாதவர் ஐந்து மாதம் காத்திருந்து ஏமாறுவர்.

நல்ல கிடாவாயினும் இரண்டாண்டுக்கு மேல் ஒரே மந்தையில் வைத்தலாகாது. அதன் பெண் குட்டிகளே பருவமடைந்து அதனுடன் சேர நேரிடும். காட்டாங்குளத்தூரை அடுத்த காட்டுப்பாக்கத்தில் (பூவிருந்தவல்லிச் சாலையில் உள்ள காட்டுப்பாக்கம் வேறு) தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கால்நடை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. சென்னைச் சிவப்பு இனத்தின் தேர்ந்த கிடாக்கள் அங்கிருந்து சிற்றூர் மந்தைகளுக்கு வழங்கப்பட்டுள்ளன. அயலூர் மந்தையுடன் கிடாவை மாற்றிக்கொள்வதும் உண்டு. அவ்வாறு வந்த கிடாவைச் சில வாரம் தனியே கட்டி, நோயில்லை எனக் கண்ட பின்னரே பட்டிக்குள் விடுவர்.