கோடு போய்ச் சேரும் இடம்

30 வருடம் டிராயிங் மாஸ்டராக இருந்தேன். புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “சார், கோடு நடுங்குது.” எங்கே போகிறோம் என்று தெரியாத கை நடுங்கத்தான் செய்யும். ஆகவே சில வார்த்தைகள்.

1. வாசலில் கோலம் போடுகிறவர்களைக் கவனியுங்கள். மாவு இங்கே விழும்போதே கண் அடுத்த புள்ளிக்குப் போயிருக்கும். நீங்களும் தாளில் இரண்டு புள்ளி வையுங்கள். பென்சில் படாமல் அந்த வழியில் இரண்டு மூன்று தடவை கையை ஓட்டிவிட்டு, ஒரே இழுப்பாக இழுங்கள்.

2. சின்னக் கோட்டுக்கு மணிக்கட்டு போதும். ஒரு சாணைத் தாண்டினால் தோளிலிருந்து கையை அசையுங்கள். மணிக்கட்டு இருந்த இடத்திலேயே சுழலும். நீளக் கோடு வில்லாகிவிடும்.

3. ரப்பரை உள்ளே வையுங்கள். தப்பிய கோட்டின் மேலேயே கீறிக் கீறி முடி முளைக்க வைக்காதீர்கள். பக்கத்தில் புதிதாக ஒன்று போடுங்கள். பழைய செய்தித்தாளில் பேனாவால் தினம் ஒரு பக்கம் போதும்.

4. எந்தப் படத்திலும் கண்மட்டக் கோடுதான் முதல். மெரினாவில் கடலும் வானமும் சேரும் கோடு உங்கள் கண் உயரத்தில் இருக்கும். மணலில் உட்கார்ந்தால் அதுவும் கூடவே இறங்கும்.

5. ராமேசுவரம் பிரகாரத்தின் நடுவில் நின்று பாருங்கள். தூண்களின் உச்சி வரிசை சரிந்து இறங்கும், தரை விளிம்பு ஏறி வரும். எல்லாம் கண்மட்டத்தில் ஒரே புள்ளியில் மறையும். இரண்டு தூண் போட்டாயிற்று, மூன்றாவதை எங்கே நிறுத்துவது? முதல் தூணின் உச்சியிலிருந்து, இரண்டாவது தூணின் நடு உயரம் வழியாக ஒரு கோடு இழுங்கள். அது அடிவரிசையைத் தொடும் இடம்தான் மூன்றாவது தூணின் இடம்.

6. மேசைமேல் உள்ள டம்ளரின் அடியைப் பலர் தட்டையாகப் போடுவார்கள். கண்மட்டத்திலிருந்து கீழே இறங்க இறங்க வட்டம் விரியும். வாய் ஒடுங்கித் தெரிந்தால், அடி அதைவிட உருண்டையாகத் தெரிய வேண்டும்.

7. என் முதல் தெருமுனைப் படத்தில் இரண்டு மறையும் புள்ளிகளையும் தாளுக்குள்ளேயே திணித்தேன். டீக்கடை கப்பல் மூக்கு மாதிரி முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பக்கமும் செய்தித்தாளை ஒட்டிப் புள்ளிகளை வெளியே தள்ளினேன், கடை கடையானது.

8. ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து வரைந்தவர் சில்பி. அவருடைய மண்டபப் படம் ஒன்று கிடைத்தால், ஸ்கேலை வைத்துத் தூண் வரிசைகளை நீட்டிப் பாருங்கள். அவர் எங்கே உட்கார்ந்தார், கண் எந்த உயரத்தில் இருந்தது என்று அந்தக் கோடுகளே காட்டிக்கொடுத்துவிடும்.