அடிமாட்டுக்கு என்ன விலை கேட்கலாம்?

கேள்வி: கறவை வற்றிய மாட்டைப் பொய்கைச் சந்தையில் விற்க நினைக்கிறேன். விலையை எப்படிக் கணிப்பது?
— ஒரு வாசகர், அரக்கோணம்

பதில்: சந்தை கூடும் செவ்வாய்க்கிழமை பொய்கைக்குப் புறப்படுவதற்கு முன் ஒரு நாடாவை எடுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்புட்ட எலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் உயிர் எடை கிலோவில் வரும். சுற்றளவு 60, நீளம் 52 என்றால் சுமார் 284 கிலோ. அதில் ஏறக்குறைய பாதிதான் கறியாகவும் எலும்பாகவும் தேறும். மெலிந்த மாட்டில் இன்னும் குறையும். உங்கள் ஊர்க் கறிக்கடை விலையை விசாரித்து, தேறும் எடையால் பெருக்கி, வெட்டுக்கூலி, வண்டி வாடகை, வியாபாரியின் லாபம் கழித்தால் நியாய விலை பிடிபடும்.

வியாபாரி கண்ணாலேயே எடை போடுவார். விலாவில் கை வைத்துச் சதை பார்ப்பார், வாயைத் திறந்து பல் பார்ப்பார். தோலையும் பார்ப்பார்: ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகள் இருக்கிற பக்கம் இது. சூட்டுத் தழும்பும் உண்ணிக்கடியும் தோலின் மதிப்பைக் குறைக்கும்.

துண்டுக்கடியில் விரல் பிடித்துத் தரகர் பேசும் தொகையை, மாட்டைக் கொடுக்கும் முன் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மாடு இன்னும் இளசு, சினை பிடிக்கும் என்றால் அடிமாடாகத் தள்ளிவிடாதீர்கள். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வளர்ப்பு மாடாக விற்றால் கூடுதலாகக் கிடைக்கும். அடிமாடாகவே விற்பதானால், தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி வெட்டுவதற்குச் சான்றிதழும் வேண்டும்.