பித்தளையும் வெள்ளீயமும்

பெங்களூருவின் சிக்பேட்டை வட்டாரப் பாத்திரக் கடைகளில் பித்தளை அண்டாவும் செம்புக் குடமும் இன்றும் கிடைக்கும். பழம்பாத்திரங்களைத் திரட்டுவோருள் சிலர் அவற்றை அடுக்கி அழகு பார்ப்பதோடு நில்லாமல், அவற்றிலேயே சமைத்து உண்பர். அதுவே மேலான இன்பம். எனினும், பூச்சற்ற பித்தளையில் புளிக்குழம்பு வைத்தல் தகாது. புளிப்பு அதிலுள்ள செம்பைக் கரைக்கும்; உண்டவர்க்குக் குமட்டலும் வாந்தியும் உண்டாகும். ஆதலின், உட்புறம் வெள்ளீயம் பூசுவர்.

பாத்திரத்தை நெருப்பிலிட்டுச் சூடாக்கி, நவச்சாரம் தூவித் துடைத்து, வெள்ளீயத்தை உள்ளே தேய்ப்பர். உருகியதைப் பஞ்சால் விரைந்து பரப்புவர். நொடியில் மஞ்சள் மறைந்து, உட்புறம் வெள்ளிபோல் ஒளிரும்! வெள்ளீயம் உருகும் வெப்பநிலை 232 பாகை செல்சியசு மட்டுமே. ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயத்தால் ஆனதே, காரீயத்தால் அன்று.

வினா: ஈயச்சொம்பை வெறுமையாக அடுப்பில் வைக்கலாகாது. ஏன்?